சுருட்டை முடி: ஆறு வாரம் கழிச்சு ஒரு புதுப்பிப்பு

போன தடவை புலம்பினது இதுதான்: குளிச்ச அன்னிக்கு சுருள் அழகா நிக்குது, மறுநாளே பஞ்சா பறக்குது, கண்டிஷனர் எவ்வளவு அப்பினாலும் முடி காய்ஞ்சே கிடக்குது. ஷாம்புவை மாத்துன்னு பாதிப் பேர், ஒட்ட வெட்டிடுன்னு ரெண்டு பேர் சொன்னீங்க. வெட்ட மனசு வரல.

கடைசில பார்த்தா வில்லன் கண்டிஷனர். பாட்டிலைத் திருப்பிப் படிச்சா மூணாவது பேரே டைமெத்திகோன். தண்ணியில கரையாத சிலிக்கோன் அது. அதே சமயம்தான் நான் சல்ஃபேட் (அழுக்கை நல்லா உரிச்சு எடுக்கிற நுரைப் பொருள்) இல்லாத மென்மையான ஷாம்புவுக்கு மாறியிருந்தேன். அதால இதை முழுசா கழுவி எடுக்க முடியல போல. படலம் மேல படலம் ஏறி, ஈரம் உள்ள போக வழியே இல்ல.

படிஞ்சு கிடக்கிறதை எல்லாம் கழுவி எடுக்கிற கிளாரிஃபையிங் ஷாம்பு போட்டு ஒரே ஒரு தடவை அலசினேன். அப்புறம் சிலிக்கோன் இல்லாத கண்டிஷனர். அது முடியில இருக்கும்போதே விரலால சிக்கெடுத்துடறேன், காய்ஞ்ச முடியில சீப்பே வைக்கிறதில்ல.

ஜெல் விஷயத்துலயும் தப்பு என்மேலதான். துண்டால துவட்டிட்டுப் போட்டுட்டு இருந்தேன். இப்போ தண்ணி சொட்டச் சொட்டப் போட்டு, கீழேருந்து மேல கசக்கி விடறேன். உள்ளங்கையில சொதசொதன்னு சத்தம் வரணும். காய்ஞ்சதும் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு ஆகும், பயந்துடாதீங்க. முழுசா காய்ஞ்சப்புறம் லேசா கசக்கினா உடைஞ்சு மெத்துன்னு ஆயிடும்.

மூணாம் நாள் வரைக்கும் தாங்குது. பிடரிப் பக்கம் மட்டும் இன்னும் சிக்கு விழுது. அடுத்து சாட்டின் தலையணை உறை மாத்திப் பார்க்கப் போறேன்.