பிள்ளைக்கு விட்டு விட்டு வயித்துவலி: மண்ணீரல் முறுக்கு

வாடிப்பட்டி அத்தை:
எங்க அண்ணன் மகளுக்கு ஆறு வயசு. வலி வரும், சுருண்டு படுப்பா, வாந்தி எடுப்பா. மறுநாளே துள்ளிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவா. பூச்சி மருந்து கொடுத்தாச்சு, தொக்கமும் (வயித்தைத் தடவிப் பார்க்கிற நாட்டு வைத்தியம்) எடுத்தாச்சு. சித்திரைத் திருவிழா சமயத்துல வந்த வலி மட்டும் விடவே இல்ல. தொப்புளுக்குக் கீழ கெட்டியா ஒரு கட்டி. மறுபடி தொக்கம் எடுக்கலாம்னாங்க பெரியவங்க. அண்ணி ஒத்துக்கல, மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தக் கட்டிய யாரும் தடவி அமுக்காம அண்ணி தடுத்ததுக்கு இன்னைக்கும் கும்பிடுறேன்.

குடல்வால்னுதான் நினைச்சோம். ஸ்கேன்ல இடது விலாவுக்குக் கீழ மண்ணீரலையே காணோம். கீழ இறங்கிக் கிடந்த கட்டிதான் அது! ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன்ல அதுக்கு ரத்த ஓட்டமே இல்ல.

மண்ணீரலை இடத்துல பிடிச்சு வைக்கிற தசைநார் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலயே இருக்காதாம், இல்லன்னா தளர்ந்திருக்குமாம். அப்ப அது ரத்தக்குழாய்ல மட்டும் தொங்கும். முறுக்குனா முதல்ல சிரை அடைபட்டு வீங்கும், இன்னும் இறுகுனா தமனியும் அடைபட்டு மண்ணீரலே செத்துரும். தானா பிரிஞ்சா வலி போயிரும். எங்க பிள்ளைக்கு வந்து வந்து போனது அதனாலதான்.

ஆபரேஷன்ல முறுக்கைப் பிரிச்சும் நிறம் திரும்பல. எடுத்துட்டாங்க.

மேலூர் அப்பா:
எங்க பையனுக்கும் இதேதான்க்கா. அவனுக்குப் பிரிச்சதும் ரத்தம் ஓடிருச்சு. வலைப்பை மாதிரி ஒண்ணுக்குள்ள வச்சு, அதோட இடத்துலயே தச்சு நிறுத்திட்டாங்க. வலி விட்டு விட்டு வந்தப்பவே வயித்தை ஸ்கேன் எடுத்ததால தப்பிச்சோம். இப்ப கபடி ஆடுறான்.

திருமங்கலம் நர்ஸ்:
மண்ணீரலை எடுத்த பிள்ளைக்குத் தடுப்பூசி ரொம்ப முக்கியம்க்கா. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (Hib)னு மூணு கிருமிக்கும் போடணும். அவசர ஆபரேஷன்னா வழக்கமா 2 வாரம் கழிச்சுப் போடுவாங்க. பென்சிலின் கொடுத்திருந்தா டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. மண்ணீரல் இல்லாத உடம்புல கிருமி சில மணி நேரத்துலயே ரத்தம் முழுக்கப் பரவிரலாம். அதனால காய்ச்சல்னா காலையில பார்க்கலாம்னு இருக்காம ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. கொசுவலை கட்டுங்க, மலேரியா கடுமையா தாக்கும். நாய் கடிச்சா வெறிநாய் ஊசியோட ஆன்டிபயாடிக்கும் வேணும், மண்ணீரல் இல்லன்னு அங்க சொல்லுங்க. டீச்சர்கிட்டயும் எழுதிக் கொடுத்துருங்க.