இறந்துபோன கணவரின் ஐந்து வருட வருமான வரிக் கணக்கு பாக்கி: எங்கிருந்து தொடங்குவது?

சின்னாளபட்டி_சுங்குடி | 2025 அக்டோபர் 21

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 54. வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை வாங்கி விற்கிறேன். என் கணவர் ஒயரிங் காண்ட்ராக்டர். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பு மில்களில் மோட்டார் லைன் இழுப்பது, பேனல் போர்டு மாட்டுவது எல்லாம் எடுத்துச் செய்தார். கடந்த பிப்ரவரி 18 அன்று மாரடைப்பில் போய்விட்டார். இதை எழுதும்போதும் கை நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் எழுதவேண்டியது அதைப் பற்றி இல்லை.

அவர் வரிக் கணக்கை ஊரில் ஓர் அண்ணன்தான் வருடா வருடம் போட்டுக் கொடுப்பார். அந்த அண்ணன் 2021 மே மாதம் கொரோனாவில் இறந்தார். அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் யாரிடமும் போகவில்லை. "இந்த வருஷம் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று ஒவ்வொரு ஆடியிலும் சொன்னார். பில் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு பரணில் வைத்திருந்தார். 2020-21 முதல் 2024-25 வரை ஐந்து நிதியாண்டுக்கு எதுவுமே போடவில்லை என்பது ஆகஸ்டில் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். "மதிப்பிற்குரிய" என்று போட்டு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். 2023-24இல் பெரிய பணப் பரிமாற்றம் நடந்திருக்கிறது, கணக்கைக் காணோம் என்று இருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். 2023 ஜூனில் ஐந்து சென்ட் மனை ஒன்றை 32 லட்சத்துக்கு விற்றோம். 2009இல் 4 லட்சத்துக்கு அவர் பெயரில் வாங்கியது. மில்காரர்கள் கொடுக்கும் பில்லில் ஒரு சதவீதம் வரி பிடித்துத்தான் பணம் தருவார்கள். வங்கியில் அவர் பெயரில் 6 லட்சம் எஃப்டி இருக்கிறது, அதன் வட்டியிலும் பிடிக்கிறார்கள். "அதுதான் பிடிச்சாச்சே, அப்புறம் என்ன கணக்கு" என்பது அவர் வாதம்.

மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். அப்பாவின் டைரியிலிருந்து பாஸ்வேர்டைப் பார்த்து உள்ளே போய்விட்டான். அவர் போனுக்கு வரும் ஓடிபியை வைத்து நாமே எல்லாவற்றையும் போட்டு முடித்துவிடலாம் என்கிறான். அந்த நம்பரை நான் இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

என் கேள்விகள்: இப்படிப் போடலாமா? ஐந்து வருடத்தையும் போட முடியுமா? இந்த வரி என் தலையில் விழுமா? கொழுந்தனார் எஃப்டியை உடைத்து மாமியாருக்குள்ள பங்கைக் கொடுத்துவிடச் சொல்கிறார். அதை இப்போது செய்யலாமா?

---

போனது_போகட்டும் | அக்டோபர் 21

ஆளே போன பிறகு யாரம்மா கேட்கப் போகிறார்கள்? இறப்புச் சான்றிதழை அனுப்பிவிட்டு பான் கார்டை ஒப்படைத்துவிடுங்கள். எங்கள் பெரியப்பா விஷயத்தில் அப்படித்தான் விட்டோம், ஒன்றும் வரவில்லை.

---

கணக்கர்_மதுரை | அக்டோபர் 21

மேலே சொன்னதைக் கேட்காதீர்கள். அந்தப் பெரியப்பா 32 லட்சத்துக்கு மனை விற்றிருக்க மாட்டார். 30 லட்சமும் அதற்கு மேலும் உள்ள பத்திரங்களைப் பதிவு அலுவலகமே வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். ஆகவே அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் மகனைத் தடுத்து நிறுத்துங்கள். அப்பாவின் ஓடிபியை வைத்துக் கணக்கை உறுதிசெய்தால், பிப்ரவரியில் இறந்தவர் அக்டோபரில் கையெழுத்துப் போட்டது போலாகிவிடும். நீங்கள் உங்கள் பான் எண்ணில் உள்ளே போய், இறந்தவரின் சட்டபூர்வ வாரிசு என்று உங்களைப் பதிவு செய்யவேண்டும். அவருடைய பான், இறப்புச் சான்றிதழ், வாரிசு என்பதற்கான சான்று ஆகியவற்றை ஏற்றவேண்டும். துறை ஒப்புதல் தந்த பிறகு அவருடைய பழைய விவரங்கள் எல்லாம் உங்கள் பக்கத்திலேயே தெரியும். ஓடிபி உங்கள் போனுக்கு வரும். ரீஃபண்டும் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும்.

அடுத்து, ஐந்து வருடத்தையும் ஒரே மூட்டையாக நினைக்காதீர்கள். மூன்று விதம் இருக்கிறது.

2024-25க்கு இன்னும் வாசல் திறந்திருக்கிறது. டிசம்பர் 31 வரை தாமதக் கணக்காகப் போடலாம், ரீஃபண்டும் கேட்கலாம். அவர் இறந்த நாள் வரையுள்ள வருமானம் மட்டும்தான் அதில் வரும். அதற்குப் பிறகு எஃப்டியில் சேர்ந்த வட்டி வாரிசுகளுடையது. வங்கியில் இன்னும் அவர் பான் எண்ணிலேயே வரி பிடித்துக்கொண்டிருந்தால் உடனே போய்ச் சொல்லுங்கள், பிறகு அதைப் பிரிப்பது பெரிய தலைவலி.

2023-24தான் உங்கள் உண்மையான பிரச்சினை. அதற்குச் சாதாரணக் கணக்கு போடும் காலம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கப்பட்ட கணக்கு என்று ஒன்று இருக்கிறது, ஐடிஆர்-யு என்பார்கள். முன்பு இரண்டு வருடம் வரைதான் அனுமதி. இந்த ஏப்ரலிலிருந்து நான்கு வருடமாக்கிவிட்டார்கள். அதில் வரியும் வட்டியும் போக, அந்தத் தொகைக்கு மேல் 25 சதவீதம் கூடுதலாகக் கட்டவேண்டும். 2026 மார்ச் 31 தாண்டினால் அந்த 25 என்பது 50 ஆகிவிடும்.

2020-21, 21-22, 22-23 மூன்றிலும் அவருக்குப் பணம் திரும்ப வரவேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பில் தொகையில் வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டும் வசதி சிறு காண்ட்ராக்டருக்கு உண்டு. அதைவிட அதிகமாக மிஞ்சியிருந்தால் அதிகமாகத்தான் காட்டவேண்டும். ஆனால் ரீஃபண்டு கேட்க ஐடிஆர்-யு உதவாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். அதற்கு 119(2)(பி) பிரிவில் தாமத மன்னிப்பு கேட்டு மனுப் போடவேண்டும். மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து வருடத்துக்குள் கேட்கலாம் என்று 2024 அக்டோபரில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. 2020-21க்கே 2027 மார்ச் வரை நேரம் இருக்கிறது. கணக்கு போட்டுத் தந்தவர் கொரோனாவில் இறந்தது, பிறகு கணவரே இறந்தது, இரண்டையும் சான்றோடு எழுதுங்கள். கிடைத்தால் அசல் வரும், தாமதத்துக்கு வட்டி தரமாட்டார்கள்.

மூன்று விஷயம் எனக்குத் தெரியவேண்டும். அந்தக் கடிதத்தில் 148 என்ற எண் எங்கேயாவது இருக்கிறதா? மனை விற்ற பணத்தில் வீடு ஏதாவது வாங்கினீர்களா? 2023-24இல் பில் தொகை எவ்வளவு?

---

தஞ்சை_ராணி | அக்டோபர் 22

அக்கா, நானும் இதே வழியில் போய் வந்தவள்தான். போன வருடம். சார் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் தாலுகா வேலையில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓவும் ஆர்ஐயும் விசாரித்து, தாசில்தார் கையெழுத்தாகி வரும். மாமியார் உயிரோடு இருந்தால் அவர் பெயரும் அதில் வரும். எனக்கு அது அப்போது தெரியாது, "ஏன் என் மாமியார்?" என்று விஏஓவிடமே சண்டை போட்டேன். மகனுடைய சொத்தில் தாய்க்கும் பங்கு உண்டு என்று அவர்தான் பொறுமையாகச் சொன்னார்.

பெயரை முன்கூட்டியே பாருங்கள். என் வீட்டுக்காரர் ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், இறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. என் மனுவை முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் ஒரு உறுதிமொழி எழுதி வைத்த பிறகுதான் ஒப்புதல் வந்தது. அதுவும் ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது.

பான் கார்டைக் கடைசியில்தான் ஒப்படைக்கவேண்டும். முதலில் ஒப்படைத்துவிட்டு அலைந்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

---

சின்னாளபட்டி_சுங்குடி | அக்டோபர் 22

சார், ராணி, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று இரவு மஞ்சப்பையைக் கொட்டி உட்கார்ந்தேன். பில்லோடு பில்லாக எனக்கு வாங்கிய மூக்குக் கண்ணாடி ரசீது, ஒரு பழனி பஸ் டிக்கெட், தீர்ந்துபோன டெஸ்டர் எல்லாம் வந்தது. மனிதர் எதையும் தூக்கிப் போட்டதில்லை. இப்போது அதுதான் உதவுகிறது. 2009 பத்திரம் கிடைத்துவிட்டது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன், 148 இல்லை. 2023-24இல் பில் 11 லட்சம், எல்லாம் வங்கி வழியாக வந்ததுதான். எஃப்டி வட்டி 42,000. இரண்டிலும் சேர்த்துப் பிடித்த வரி 15,200. வீடு வாங்கவில்லை சார். மகள் கல்யாணம். ஆவணியில் நடந்தது. ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை.

இப்போது என்னிடம் பணம் கிடையாது என்றால் என்ன செய்வார்கள்?

---

கணக்கர்_மதுரை | அக்டோபர் 23

148 இல்லை என்பது நல்ல செய்தி. அந்தப் பிரிவில் மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வந்து நடவடிக்கை தொடங்கிவிட்டால் ஐடிஆர்-யு வாசல் அடைபட்டுவிடும். இறந்தவர் பெயருக்கு வரும் நோட்டீஸ் செல்லாது என்று நீதிமன்றத்தில் வாதாடலாம்தான், ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். வாரிசாகப் பதிவானதும், அந்தக் கடிதத்துக்கு இறப்புச் சான்றிதழோடு பதில் போட்டுவிடுங்கள்.

தொகையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2009இல் கொடுத்த 4 லட்சத்தை விலைவாசிக் குறியீட்டால் உயர்த்தினால் 9 லட்சத்து 40 ஆயிரம் வருகிறது (விற்ற வருடத்துக் குறியீடு 348ஐ, வாங்கிய வருடத்துக் குறியீடு 148ஆல் வகுத்துப் பெருக்கவேண்டும்). லாபம் 22 லட்சத்து 59 ஆயிரம் சொச்சம். மற்ற வருமானம் குறைவாக இருப்பதால் 3 லட்சம் விலக்கில் மிஞ்சியதை இதில் கழிக்கலாம். 20 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், பிடித்த 15,200 கழித்து, ஏறக்குறைய 4 லட்சத்து 15 ஆயிரம். கட்டாத மாதங்களுக்கு வட்டி, 5,000 தாமதக் கட்டணம், அதன் மேல் அந்த 25 சதவீதம். நவம்பரில் கட்டினால் 7 லட்சத்தை ஒட்டி நிற்கும். மார்ச் தாண்டினால் இன்னும் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் கூடும். மனை விற்ற கமிஷன் ரசீது மஞ்சப்பையில் இருந்தால் எடுத்து வையுங்கள், அதையும் கழிக்கலாம். 2023-24க்கு ஐடிஆர்-3 படிவம். சிறு காண்ட்ராக்டருக்கான 4இல் இந்த மனை லாபம் வராது.

இது உங்கள் தலையில் விழுமா என்று கேட்டீர்கள். அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. உங்கள் சேலை வியாபாரப் பணத்தை, உங்கள் நகையைத் தொட முடியாது. ஆனால் எஃப்டியும், வீட்டில் அவருக்கு உள்ள பங்கும் அவர் விட்டுப்போனதுதானே. இதிலேதான் கொழுந்தனார் விஷயம் வருகிறது. வரிப் பாக்கி நிற்கும்போது அந்தச் சொத்தை விற்றாலோ, பிரித்துக் கொடுத்தாலோ, கொடுத்த அளவுக்கு நீங்கள் சொந்தமாகப் பொறுப்பாகிவிடுவீர்கள். 159ஆம் பிரிவு சொல்வது அதுதான். எஃப்டியை உடைக்கலாம், வரி கட்டுவதற்காக. பங்கு பிறகு.

ஐடிஆர்-யு போடும்போதே முழுத் தொகையும் கட்டியிருக்கவேண்டும், தவணை கிடையாது. எஃப்டி போக மீதி ஒரு லட்சத்துக்கு வழி பார்த்தபின் ஜனவரி, பிப்ரவரியில் போட்டாலும் சரி. மாதவட்டி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். டிசம்பர் 31க்குள் 2024-25ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். வருமானம் விலக்கு வரம்புக்குள் இருந்தால் அதற்குத் தாமதக் கட்டணமும் கிடையாது.

---

சின்னாளபட்டி_சுங்குடி | அக்டோபர் 25

ஏழு லட்சம் என்று படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் மீது அன்று முழுதும் கோபம். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், எனக்கு வந்தது. 2024இலேயே நேரத்தில் போட்டிருந்தால் நாலே கால் லட்சத்தில் முடிந்திருக்கும் என்று மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். அதை ஏன் காட்டினான் என்று அவன் மீதும் கோபம்.

நேற்று கொழுந்தனாரை உட்காரவைத்து 159 பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அண்ணன் கடன் முதலில் தீரட்டும்" என்று மாமியார்தான் முடித்து வைத்தார். அவருக்கு 81 வயது. வாரிசுச் சான்றிதழுக்காக வியாழக்கிழமை இ-சேவைக்குப் போகிறோம். ராணி சொன்ன மாதிரி பெயர்களைப் பார்த்தேன். பான் கார்டில் அவர் பெயரில் ஓர் எழுத்து கூட இருக்கிறது, நோட்டரியையும் பார்த்துவிட்டு வருவேன்.

மீதிப் பணத்துக்கு என் வளையல் இருக்கிறது. தொட முடியாது என்று சொன்னீர்கள், நானாகத்தான் தொடுகிறேன். தைக்குள் கட்டிவிடுவேன்.

ஒரு சந்தேகம் சார். ஓடிபி என் போனுக்கே வரும் என்றால் அவர் நம்பரை விட்டுவிடலாமா?

---

கணக்கர்_மதுரை | அக்டோபர் 25

வரிக்காக அந்த நம்பர் தேவையில்லை அம்மா. வங்கியில் எஃப்டி வேலை முடியும்வரை மட்டும் இருக்கட்டும்.

---

சின்னாளபட்டி_சுங்குடி | அக்டோபர் 26

சரி சார். இன்னும் ஒரு மில்லிலிருந்து 38,000 வரவேண்டியிருக்கிறது. அந்த சூப்பர்வைசர் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார். இன்று காலை 84 நாளுக்குச் சேர்த்தே போட்டுவிட்டேன்.