மூடியைச் சாத்தினால் தூங்குகிறதா, இல்லையா?

கர்னல்காதலன்
பக்கத்து இழையில் ஒருவர் வைஃபை வரவில்லை என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்கிற சாக்கில் சாளரவாசி இப்படி எழுதியிருக்கிறார்: "லினக்ஸ் போட்ட லேப்டாப் தூங்கவே தூங்காது, மூடி வைத்தாலும் பேட்டரி கரைந்துவிடும், இது ஊரறிந்த சங்கதி." இதே வரியை அவர் எழுதுவது இது மூன்றாம் முறை. முதல் இரண்டு முறை பேசாமல் இருந்துவிட்டேன். இனி முடியாது.

நேற்றிரவு 11 மணிக்கு என் லேப்டாப்பின் மூடியைச் சாத்தும்போது பேட்டரி 84. காலை 7 மணிக்குத் திறந்தேன், 79. மூடியை முழுதாகத் தூக்குவதற்குள் திரை வந்துவிட்டது, வைஃபை ஒட்டிக்கொண்டது, டச்பேட் வேலை செய்தது. எட்டு மணி நேரத்தில் ஐந்தே சதவீதம். இது தூக்கம் இல்லையென்றால் வேறு எதுதான் தூக்கம்?

சாளரவாசி
என் பெயரைப் போட்டுத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், சந்தோஷம். என் கணக்கையும் கேளுங்கள். மூடும்போது 100. எட்டு மணி நேரம் கழித்து 71. பையிலிருந்து எடுத்தபோது அடிப்பக்கம் சுட்டது. அதே லேப்டாப், அதே பேட்டரி, விண்டோஸில் காலையில் 94 இருக்கும். உங்களுடையது தூங்குகிறது என்பதற்காக என்னுடையதும் தூங்கிவிடுமா?

பழைய_பெங்குயின்
நீங்கள் இருவரும் பேசுவது தூக்கமே இல்லை. எஸ்3தான் தூக்கம். ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் ஓடும், பிராசஸர் முழுதாக அணைந்துவிடும். மூடியின் ஓரத்தில் சின்ன விளக்கு மூச்சுவிடுகிற மாதிரி மெல்ல எரிந்து அணையும். இப்போது எஸ்2ஐடில் என்று ஒன்றைத் தலையில் கட்டுகிறார்களே, அது கோழித்தூக்கம், பிராசஸர் அணையாமல் சும்மா காத்துக்கிடக்கும். பூட் ஆகும்போது கர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையநிரலுக்குக் கொடுக்கிற வரியில் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட் என்பதற்கு டீப், அதாவது எஸ்3, என்று மதிப்புக் கொடுங்கள், வேலை முடிந்தது. இருபது வருடமாக லினக்ஸில் இருக்கிறேன், இதைத்தான் செய்கிறேன்.

புதியவள்
வணக்கம், நான் இங்கே புதிது. மூடித் திறந்தால் என் டச்பேட் மட்டும் செத்துவிடுகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் வருகிறது. இதுவும் தூக்கப் பிரச்சினைதானா?

கர்னல்காதலன்
பழைய_பெங்குயின் அண்ணே, சொல்வது எளிது. எந்தெந்தத் தூக்கம் கிடைக்கும் என்று கர்னல் காட்டுகிற மெம்_ஸ்லீப் கோப்பைத் திறந்தால் அதில் டீப் என்ற சொல் இருக்க வேண்டும். இருந்தால்தான் உங்கள் வரி வேலை செய்யும். இப்போது வருகிற பல லேப்டாப்புகளில் அந்தக் கோப்பில் எஸ்2ஐடில் மட்டும்தான் இருக்கிறது. ஏன்? எஸ்3 என்பது பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே இருக்கிற தொடக்க மென்பொருள், கொடுக்க வேண்டிய நிலை. பயாஸ் கொடுக்காததை கர்னல் எங்கிருந்து கொண்டுவரும்?

விண்டோஸ் 8 வந்த 2012-இல்தான் இந்த மாற்றம் தொடங்கியது. போன் மாதிரி எப்போதும் பாதி விழிப்பில் இருக்க வேண்டும் என்று கனெக்டெட் ஸ்டாண்ட்பை கொண்டுவந்தார்கள். விண்டோஸ் 10-இல் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆனது. லேப்டாப் செய்கிறவர்கள் அதற்கேற்ப பயாஸ் எழுதினார்கள், எஸ்3-ஐக் கழற்றி வீசினார்கள். லினக்ஸ் சும்மா இருக்கவில்லை. 2013-இல் வந்த 3.9 கர்னலிலேயே எஸ்2ஐடிலுக்கு வழி செய்துவிட்டது. ஆகவே சாளரவாசி, உங்கள் 71-க்குப் பொறுப்பு உங்கள் பயாஸ்.

சாளரவாசி
என் பயாஸ் விண்டோஸில் 94 கொடுத்தது. அதே பயாஸ் லினக்ஸில் 71 கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாறியது என்ன? நீங்களே சொல்லுங்கள்.

கர்னல்காதலன்
மாறியது என்னவென்றால், உங்கள் பயாஸ் விண்டோஸுக்கு மட்டும் சோதித்து எழுதப்பட்டது. பூட் ஆகும்போது பயாஸ் "நீ யார்" என்று கேட்கும். லினக்ஸ் என்ன சொல்கிறது தெரியுமா? "நான் விண்டோஸ்" என்கிறது. அப்படிச் சொன்னால்தான் பயாஸ் ஒழுங்காக நடந்துகொள்கிறது. "நான் லினக்ஸ்" என்று சொல்லும் பழக்கத்தை கர்னல் பல வருடங்களுக்கு முன்பே விட்டுவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் வாழ வேண்டியிருக்கிறது என்றால் குற்றம் யாருடையது?

அப்புறம் உங்கள் 71. பேட்டரி 50 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். 29 சதவீதம் என்றால் 14.5 வாட்-மணி. எட்டால் வகுத்தால் சராசரி 1.8 வாட். ஒழுங்காகத் தூங்குகிற லேப்டாப் அரை வாட்கூட எடுக்காது. என்னுடையதும் 50 வாட்-மணிதான், 0.3 வாட்தான் எடுத்தது. உங்கள் லேப்டாப்பில் ஏதோ ஒரு சாதனம் தூங்க மறுக்கிறது. ஒன்றே ஒன்று விழித்திருந்தாலும் சிப் முழுவதும் ஆழமான நிலைக்குப் போகாது. அதைக் கண்டுபிடிக்காமல் ஊரறிந்த சங்கதி என்று எழுதுவது என்ன நியாயம்?

சாளரவாசி
அதாவது தூங்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி. 71.

சொல்லாய்வு
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தூக்கம் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். தூக்கம் மனிதருக்கு. கணினிக்கு உறக்கநிலை என்று எழுதலாம். சஸ்பெண்டுக்கு இடைநிறுத்தம். இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் இத்தனை குழப்பம்.

பழைய_பெங்குயின்
இடைநிறுத்தம் என்றால் பாட்டை நிறுத்துகிற பொத்தான் என்று நினைப்பார்கள். தூக்கம் எல்லாருக்கும் புரிகிறது. கோழித்தூக்கமும் புரிகிறது. விட்டுவிடுங்கள்.

சொல்லாய்வு
புரிகிறது என்பது வாதமில்லை. நீங்கள் எஸ்3-ஐத் தூக்கம் என்கிறீர்கள், கர்னல்காதலன் எஸ்2ஐடிலைத் தூக்கம் என்கிறார், சாளரவாசி காலையில் பேட்டரி மிஞ்சியிருந்தால் தூக்கம் என்கிறார். ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

கர்னல்காதலன்
அகராதி வேலைக்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள் ஐயா. இங்கே கேள்வி அந்த 29 சதவீதம் எங்கே போனது என்பதுதான்.

தனிமம்
எல்லாரும் வேரை விட்டுவிட்டு இலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். வைஃபை சிப்புக்கு மூடிய ஃபர்ம்வேர் (மூலநிரல் வெளியிடாத, சாதனத்துக்குள் ஓடுகிற மென்பொருள்), கிராபிக்ஸுக்கு மூடிய ஃபர்ம்வேர், பயாஸும் மூடியது. உள்ளே என்ன நடக்கிறது என்றே பார்க்க முடியாதபோது எதைப் பழுது பார்ப்பது? டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்புகூட 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பின் நிறுவியில் மூடிய ஃபர்ம்வேரைச் சேர்த்துக்கொண்டது. அன்றைக்கே எனக்கு மனசு விட்டுப்போனது.

பழைய_பெங்குயின்
அந்த ஃபர்ம்வேர் இல்லாத நாளில் டெபியன் போட்டவன் நான். நிறுவும்போது வைஃபை வராது. வைஃபை வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் எடுக்க வைஃபை வேண்டும். வேறு கணினியில் இறக்கி, பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்து செருகுவோம். அதைச் சுதந்திரம் என்று நான் கொண்டாடவில்லை. வாக்கெடுப்பில் எடுத்த முடிவு சரிதான்.

தனிமம்
அந்தப் பென்டிரைவைச் செருகிய அன்றே நீங்கள் தோற்றுவிட்டீர்கள். நெட்வொர்க் கேபிளைச் செருகி வேலை பார்த்தவர்களும் இருக்கிறோம்.

கர்னல்காதலன்
தனிமம், போன மாதம் பிரின்டர் இழையிலும் இதையே எழுதி அதைப் பாதியில் சாகடித்தீர்கள். இங்கே வேண்டாம்.

சாளரவாசி, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், செய்துவிட்டு வந்து பேசுங்கள். இன்டெல் பிராசஸர் என்றால் கர்னலின் டீபக் அடைவில் பிஎம்சி_கோர் என்று ஒன்று இருக்கும். அதற்குள் எஸ்எல்பி_எஸ்0_ரெசிடென்ஸி_யூசெக் என்ற கோப்பு. ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு இருந்து படியுங்கள். ஓர் எண் வரும். ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டு மறுபடி படியுங்கள். எண் ஏறியிருந்தால் சிப் ஆழமாகத் தூங்கியிருக்கிறது. ஏறவே இல்லையென்றால் ஒரு நொடிகூடத் தூங்கவில்லை.

எனக்கும் முதல் வாரம் பூஜ்யம்தான். படித்தேன், 0. மூடித் திறந்தேன், 0. பிறகு டிரைவர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். புளூடூத்தைக் கழற்றினேன், 0. வெப்கேம், 0. சவுண்ட், 0. கார்டு ரீடர் டிரைவரைக் கழற்றிவிட்டு மூடித் திறந்தேன். நீளமாக ஓர் எண் வந்து நின்றது. நான் ஒருநாளும் கார்டு செருகாத ஓட்டை அது. அதைப் பயாஸில் அணைத்தேன். அன்றிலிருந்து இரவுக்கு ஐந்து சதவீதம்தான். மூன்று மாலை உட்கார்ந்து கண்டுபிடித்தது இது. இரண்டு நிமிடத்தில் "தூங்காது" என்று எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சாளரவாசி
மூன்று மாலை! நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரு மூடியைச் சாத்துவதற்கு ஒரு மனிதர் மூன்று மாலை ரூட்டாக உட்கார்ந்து டிரைவர் டிரைவராகக் கழற்ற வேண்டும். விண்டோஸில் நான் எதையும் கழற்றவில்லை. மூடினேன், 94. உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த உழைப்பு தேவைப்படுகிறது என்பதைத்தான் நான் ஒரு வரியில் எழுதினேன்.

கர்னல்காதலன்
இல்லை, நீங்கள் எழுதியது அதுவல்ல. "தூங்கவே தூங்காது" என்று எழுதினீர்கள். சொன்னதை மாற்றாதீர்கள். பையில் வைத்த விண்டோஸ் லேப்டாப் சூடாகி எழுந்த கதையும் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், தேடிப் பாருங்கள்.

பழைய_பெங்குயின்
அதற்குத்தான் எஸ்3 என்கிறேன். 2018-இல் லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை லேப்டாப் எஸ்3 இல்லாமல் வந்தது. லினக்ஸ்காரர்கள், பயாஸ் தன் தூக்க நிலைகளைச் சொல்கிற ஏசிபிஐ அட்டவணையைத் தாங்களே திருத்திப் போட்டு ஓட்டினார்கள். சத்தம் பெரிதானதும் லெனோவோ பயாஸ் அப்டேட்டில் லினக்ஸ் என்று தனி ஸ்லீப் தேர்வையே சேர்த்தது. கேட்டால் கிடைக்கும். நீங்கள் எஸ்2ஐடிலுக்குச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தால் எவனும் தரமாட்டான்.

கர்னல்காதலன்
சப்பைக்கட்டா? அண்ணே, ஒரு லேப்டாப்புக்குக் கிடைத்ததை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் டீப் போடு, டீப் போடு என்கிறீர்கள். போன வருடம் இன்னொரு இழையில் உங்கள் பேச்சைக் கேட்டு டீப் போட்டவருக்கு மூடித் திறந்தால் கருப்புத் திரைதான் வந்தது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தார், எழுதிக்கொண்டிருந்த கோப்பு போனது. பயாஸில் எஸ்3 பெயருக்கு இருக்கும், யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அந்த இழையில் நீங்கள் அப்புறம் வரவே இல்லை.

பழைய_பெங்குயின்
அவர் கிராபிக்ஸ் டிரைவர் பழையது. அதை அங்கேயே சொன்னேன். பழி போடுவதற்கு முன் முழுதாகப் படியுங்கள் தம்பி.

தனிமம்
எதற்கு இந்தத் தொல்லை? ஹைபர்னேட் செய்யுங்கள். ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். சொட்டு மின்சாரம் போகாது.

கர்னல்காதலன்
கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடுகிற செக்யூர் பூட் போட்டிருந்தால், பல லினக்ஸ் தொகுப்புகளில் கர்னல் லாக்டவுன் என்ற பாதுகாப்புப் பூட்டு ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும். ரேமின் நகலை வைக்க டிஸ்கில் ஸ்வாப் என்ற இடம் வேறு ரேம் அளவுக்குப் பக்கத்தில் ஒதுக்க வேண்டும். சொல்வதற்கு முன் செய்து பாருங்கள்.

தனிமம்
செக்யூர் பூட்டை அணைத்துவிட்டேன், நீங்கள் இன்னும் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சொல்லாய்வு
ஹைபர்னேட்டுக்கு உறங்குநிலை என்றும் சிலர் எழுதுகிறார்கள். உறக்கநிலை, உறங்குநிலை இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்

பழைய_பெங்குயின்
ஐயா, போதும்.

புதியவள்
என் கேள்வியை யாரும் பார்க்கவில்லை போல. பரவாயில்லை, கர்னல்காதலன் சொன்ன கோப்பைப் படித்துப் பார்த்தேன். முதலில் 0. பத்து நிமிடம் மூடி வைத்துத் திறந்தேன், மறுபடியும் 0. டச்பேட் இந்த முறையும் வரவில்லை. டச்பேடுக்கான ஐ2சி_ஹிட் டிரைவரைக் கழற்றி மாட்டினால் மட்டும் வருகிறது.

சாளரவாசி
பார்த்தீர்களா, 0. நான் எழுதவில்லை, உங்கள் ஆளே உங்கள் கோப்பைப் படித்துச் சொல்கிறார்.

கர்னல்காதலன்
0 என்றால் லினக்ஸ் தூங்காது என்று அர்த்தமில்லை, அவருடைய லேப்டாப்பில் ஒன்று விழித்திருக்கிறது என்று அர்த்தம். எத்தனை முறை சொல்வது? புதியவள், உங்கள் லேப்டாப்பின் மாடல், கர்னல் பதிப்பு, பயாஸ் பதிப்பு மூன்றையும் போடுங்கள். மூடித் திறந்த உடனே டீமெஸ்க், அதாவது கர்னலின் பதிவு, எடுத்து, ஐ2சி வருகிற வரிகளை ஒட்டுங்கள். கார்டு ரீடர் இருந்தால் முதலில் அதைக் கழற்றி எண்ணைப் பாருங்கள். இன்றிரவே பார்க்கிறேன்.

பழைய_பெங்குயின்
அவர் மெம்_ஸ்லீப் கோப்பில் டீப் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

புதியவள்
இருக்கிறது. எஸ்2ஐடிலைச் சுற்றி அடைப்புக்குறி, பக்கத்தில் டீப்.

பழைய_பெங்குயின்
போடுங்கள் அம்மா டீப்பை.

கர்னல்காதலன்
போடாதீர்கள். முதலில் டீமெஸ்க்.

சாளரவாசி
நேற்றிரவும் மூடி வைத்தேன். 70.