கிட் கார் கையேட்டில் விடுபட்டவை: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பாகங்களாக வாங்கி நாமே பொருத்திக்கொள்ளும் கிட் கார் ஒன்றைக் கட்டி வருகிறேன். பாகங்களின் தரத்தில் குறையில்லை. உடன் வந்த கையேடுதான் பெரிதும் ஏமாற்றமளிக்கிறது. படங்கள் பல முந்தைய மாடலுக்கு உரியவை. போல்ட்களை எவ்வளவு விசையுடன் முறுக்க வேண்டும் என்பதைக் கூறும் டார்க் (torque) அளவுகள் பல இடங்களில் இல்லவே இல்லை. சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களுக்கான போல்ட்களை, வண்டியின் எடை சக்கரங்களின் மீது இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும் என்ற முக்கியமான குறிப்பைக்கூட வேறொரு வாகனத்தின் சர்வீஸ் கையேட்டில்தான் கண்டேன். பிரேக், ஸ்டீயரிங் ஆகியவற்றில் இத்தகைய விடுபடல் உயிருக்கே ஆபத்து என்பதால், இதைச் சிறு குறையாக என்னால் கருத முடியவில்லை.

இப்போது வேலை வயரிங்கில் நிற்கிறது. ஃபைபர் கிளாஸ் பாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவதற்கு ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் வயர் செல்ல வேண்டும். கையேட்டின் வரைபடமோ, இரும்பு பாடிக்கு வரைந்ததைப் போல, அவற்றைக் காட்டவே இல்லை. இத்தகைய காரைக் கட்டி முடித்தவர்கள் எர்த் வயர்களை எங்கெங்கே ஒன்றுசேர்த்தீர்கள் என்று தெரிவிக்கவும், கைப்பட வரைந்த படங்கள் இருந்தால் பகிரவும் வேண்டுகிறேன். விடுபட்ட டார்க் அளவுகளைத் தயாரிப்பாளரிடமிருந்து எழுத்து மூலம் பெற்றவர்கள் இருந்தால், அவர்களின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.