ஹாலுக்கு ஆஃப் வொயிட்: கார்டுல மூணும் ஒரே மாதிரி, சுவத்துல அடிச்சா வேற வேற. எதை எடுக்கறது?

ஜேபிநகர் வாணி:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் ஜேபி நகர்ல ரெண்டாவது மாடி ஃப்ளாட், வர்ற திங்கக்கிழமை மேஸ்திரி வேலைய ஆரம்பிக்கறேன்னு சொல்லிட்டார், ஹால், பெட்ரூம் எல்லாத்துக்கும் ஒரே ஆஃப் வொயிட்னு வீட்ல பேசி முடிச்சாச்சு, ஆனா எந்த ஆஃப் வொயிட்னுதான் முடிவு பண்ண முடியல. ஷேட் கார்டுல பிடிச்ச மூணையும் சின்ன டின்ல வாங்கி ஹால் சுவத்துல பக்கத்துல பக்கத்துல பேட்ச் அடிச்சோம். பழைய கலர் பிஸ்தா பச்சை, அது மேலயேதான். முதல் ஷேடு லேசா க்ரீம், பகல்ல அருமை, ராத்திரி லைட்டப் போட்டா மோர்ல மஞ்சத்தூள் விழுந்த மாதிரி ஆகிடுது. ரெண்டாவது லேசா சாம்பல், அது ராத்திரி நல்லாருக்கு, பகல்ல பச்சையடிக்குது. மூணாவது எப்பப் பாத்தாலும் லேசா ரோஸ். கார்டுல இதெல்லாம் தெரியவே இல்லையே, கடையில கலக்கறதுல ஏதாவது தப்பா?

மல்லேஸ்வரம் குமார்:
கலக்கறதுல தப்பு இருக்கும்னு தோணல. ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்கு? ஹால் எந்தப் பக்கம் பாத்தது, பல்பு எத்தனை கெல்வின் (வெளிச்சம் மஞ்சளா வெள்ளையான்னு சொல்ற அளவு, எண் குறைஞ்சா மஞ்சள்), தரை என்ன கலர்? இத சொல்லுங்க முதல்ல.

ஜேபிநகர் வாணி:
பால்கனிய ஒட்டியே பெரிய தூங்குமூஞ்சி மரம் சார். ஹால் வடக்கு. பல்பு எல்லாம் புதுசா மாத்தினது, டப்பால 3000 கேன்னு போட்டிருக்கு. தரை ஐவரி கலர் டைல்ஸ்.

மல்லேஸ்வரம் குமார்:
அப்ப எல்லாத்துக்கும் காரணம் கிடைச்சாச்சு. உங்க ஹாலுக்கு வர்ற வெளிச்சத்துல பாதி அந்த மரத்துல பட்டு, இலைய ஊடுருவி வருது, அதனால அதுலயே பச்சை இருக்கு. சாம்பல் கலந்த வெள்ளை தனக்குன்னு அழுத்தமான சாயல் இல்லாதது, வர்ற வெளிச்சம் என்ன கலரோ அதையே காட்டும். ராத்திரி மரத்தோட வெளிச்சம் இல்ல, அதனால பச்சை போயிடுது. 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், ஏற்கனவே மஞ்சள் சாயல் இருக்கற க்ரீம் மேல அது விழுந்தா ரெண்டும் சேந்துக்கும், போதாததுக்கு கீழ ஐவரி டைல்ஸும் அதையே திருப்பி அடிக்கும். மூணாவது ரோஸா தெரியறதுல பாதி, சுத்தி இருக்கற பிஸ்தா பச்சையோட வேலை. பச்சைக்கு நடுவுல வெளிர் கலர் எத வெச்சாலும் கண்ணு அதுல கொஞ்சம் சிவப்பச் சேத்துக்கும். அதனால அத இப்பவே தள்ளிடாதீங்க.

கோரமங்களா ரவி:
வடக்கு பாத்த ரூம்னா எப்பவும் நீலம் கலந்த வெளிச்சம், அதனால மஞ்சள் சாயல் ஷேடுதான் எடுக்கணும்னு வெளிநாட்டு வீடியோல எல்லாம் சொல்றாங்களே?

மல்லேஸ்வரம் குமார்:
அது லண்டனுக்குச் சரி ரவி. பெங்களூர் பூமத்திய ரேகைக்கு கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்குலதான் இருக்கு. ஏப்ரல் 24 வாக்குல நடு மத்தியானம் நிழலே விழாது, திரும்ப ஆகஸ்ட் 18 வாக்குல ஒரு தடவை. இந்த ரெண்டு நாளுக்கும் நடுவுல உச்சி சூரியன் நமக்கு வடக்குப் பக்கம்தான் இருக்கும், வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராதுன்னு இங்க சொல்ல முடியாது. அதுவும் மரம் வாசல்லயே நிக்கும்போது திசையை விட மரம்தான் முக்கியம்.

பெயிண்ட் கடை செல்வம்:
அக்கா, நான் கடையில கலர் கலக்கற டின்டிங் மெஷின் முன்னாடியே நிக்கறவன், அதனால சொல்றேன். சுவத்துல நேரா அடிச்சுப் பாக்காதீங்க. வெள்ளை சார்ட் பேப்பர் வாங்கி, ஓரத்துல ஒரு இஞ்ச் வெள்ளைய விட்டுட்டு நடுவுல ரெண்டு கோட் அடிங்க, முதல் கோட் நல்லா காஞ்சப்புறம் ரெண்டாவது. ஒரு கோட்ல எந்த ஆஃப் வொயிட்டும் உண்மைய சொல்லாது, ஈரமா இருக்கும்போதும் சொல்லாது. அந்த வெள்ளை ஓரம் இருக்கே, அதுதான் முக்கியம், சுத்த வெள்ளை பக்கத்துல இருந்தாத்தான் இது மஞ்சளா ரோஸா சாம்பலான்னு கண்ணுக்குப் புரியும். காஞ்சதும் ஜன்னலுக்கு எதிர் சுவர், ஜன்னல் இருக்கற சுவர், மூலைன்னு மாத்தி மாத்தி ஒட்டி காலைல, மத்தியானம், லைட் போட்டு பாருங்க.
இன்னொண்ணு, ஆஃப் வொயிட்டுக்கு விழற கலர் சொட்டு ரொம்பக் கொஞ்சம். சின்ன டின்ல அந்த சொட்டு துளி கூடினாலும் குறைஞ்சாலும் ஷேடு மாறும், 20 லிட்டர் பக்கெட்ல அது தெரியாது. அதனால சாம்பிள் எடுத்தா 1 லிட்டரே எடுங்க.

ஜேபிநகர் வாணி:
செல்வம் தம்பி சொன்ன மாதிரியே பண்ணிப் பாத்தோம். சார்ட்ல பாத்தா மூணாவதுல ரோஸ் ரொம்ப லேசுதான், ஓரத்து வெள்ளையோட ஒட்டிப் பாத்தாத்தான் தெரியுது. எதிர் சுவத்துல ஒட்டினா பகல்ல ரோஸும் இல்ல, பச்சையும் இல்ல, நல்ல வெள்ளை. ராத்திரி கொஞ்சம் இதமா இருக்கு, மஞ்சளா ஆகல. என் மாமியாருக்கும் அதுதான் பிடிச்சிருக்கு.

மல்லேஸ்வரம் குமார்:
அதேதான். அந்தத் துளி சிவப்பு மரத்தோட பச்சைய அடக்கிடுது. தைரியமா எடுங்க. முடிஞ்சா ஹால்ல ஒரு பல்ப மட்டும் 4000 கெல்வின் போட்டு ஒரு தடவை பாத்துடுங்க, நாளைக்கு பல்பு மாத்தினா எப்படி இருக்கும்னு தெரிஞ்சிடும்.

பெயிண்ட் கடை செல்வம்:
பிஸ்தா பச்சை மேல நேரா அடிக்க விடாதீங்க அக்கா, பட்டி, உப்புத்தாள், ப்ரைமர் எல்லாம் முடிச்சுட்டு ரெண்டு கோட். மொத்தத்தையும் ஒரே நேரத்துல வாங்குங்க, ரெண்டு டின் வந்தா பெரிய பக்கெட்ல ஒண்ணா கலந்துட்டு அடிக்கச் சொல்லுங்க, நடுச் சுவத்துல டின் மாறினா கோடு தெரியும். பளபளப்பு வேண்டாம், மேட் போதும், பளபளப்புல மரமும் டைல்ஸும் இன்னும் அதிகமா தெரியும். கதவுக்கு வெள்ளை எனாமல் அடிக்கறதா இருந்தா தண்ணில கலக்கறது கேளுங்க, ஆயில் எனாமல் வெளிச்சம் படாத இடத்துல மஞ்சளாகி சுவரோட சேராது. ஷேடு நம்பர், கம்பெனி, எந்த வகை எமல்ஷன், மூணையும் ஃபியூஸ் பாக்ஸ் கதவுக்கு உள்பக்கம் எழுதி வெச்சுடுங்க, அடுத்த டச்சப்புக்கு அது வேணும்.

ஜேபிநகர் வாணி:
இன்னைக்கே மேஸ்திரிகிட்ட சொல்லிடறேன். ரொம்ப நன்றி எல்லாருக்கும்.