மிஸ்டி என்ற மட்டக்குதிரையும் மார்கரீட் ஹென்றியின் "எல்லாம் நிஜம்" குறிப்பும்

கரிசல்காட்டான்
குழந்தைகளுக்கான குதிரைக் கதை என்றாலே இங்கே எல்லாரும் மார்கரீட் ஹென்றியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். எனக்கு அந்த அம்மாவோடு ஒரு வழக்கு உண்டு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவின் வர்ஜீனியா கடலோரத்தில் அசட்டீக், ஷிங்கோட்டீக் என்று அடுத்தடுத்து இரண்டு தீவுகள். முதலாவதில் மட்டக்குதிரைகள் காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. இரண்டாவதில் ஊர் இருக்கிறது. வருடா வருடம் ஜூலைக் கடைசியில் குதிரைகளை வளைத்துப் பிடித்து, நடுவில் உள்ள நீரை நீந்திக் கடக்கவைத்து, குட்டிகளை ஏலம் விடுவார்கள். 1947இல் வந்த ஹென்றியின் 'மிஸ்டி ஆஃப் ஷிங்கோட்டீக்' கதையில் பால், மோரீன் என்ற அண்ணனும் தங்கையும் யாருக்கும் பிடிகொடுக்காத ஃபான்டம் என்ற குதிரையை வாங்கக் காசு சேர்க்கிறார்கள். பால் பிடிக்கப் போனால் அது குட்டி போட்டு நிற்கிறது. அந்தக் குட்டிதான் மிஸ்டி.

நிஜ மிஸ்டி காட்டில் பிறக்கவே இல்லை. 1946இல் ஷிங்கோட்டீக்கில் பீபி குடும்பத்தின் பண்ணையில் பிறந்தது. தாய் ஃபான்டம், தகப்பன் பைட் பைப்பர், இரண்டுமே அந்தக் குடும்பம் வளர்த்த குதிரைகள். கதைக்காக மாற்றினார், சரி, அதை யார் கேட்டது? ஆனால் புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். இதில் வரும் சம்பவங்கள் எல்லாம் நிஜம், இதே வரிசையில் நடக்கவில்லை, ஆனாலும் ஏதாவது ஒரு சமயம் ஷிங்கோட்டீக்கில் நடந்தவைதான் என்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளை இதைப் படித்துவிட்டு என்ன நம்பும்?

நூலகத்துப்பல்லி
நீங்கள் எடுத்துப்போட்ட குறிப்பிலேயே பதில் இருக்கிறதே. "ஏதாவது ஒரு சமயம்" என்றுதானே சொல்கிறார்? காட்டுக்குதிரை பிடிபட்டது, குட்டி நீரில் தத்தளித்தது, பிள்ளைகள் காசு சேர்த்தது, இதெல்லாம் அந்த ஊரில் யாருக்காவது நடந்திருக்கும். அதைக் கோத்து ஒரே குட்டியின் கதையாக்கினார். இந்த மிஸ்டிக்கே எல்லாம் நடந்தது என்று அந்தக் குறிப்பில் எங்கே இருக்கிறது?

கரிசல்காட்டான்
பல்லி சார், இது வக்கீல் பேச்சு. பால் பீபி, மோரீன் பீபி இரண்டு பேரும் நிஜப் பிள்ளைகள். தாத்தா கிளாரன்ஸ் பீபியும் நிஜ மனிதர். பண்ணை நிஜம், குதிரையின் பெயர் நிஜம், புத்தகத்துக்குப் படம் போட்ட வெஸ்லி டென்னிஸ் வரைந்த தீவும் நிஜத் தீவு. இத்தனை நிஜத்தையும் சுற்றிலும் நிறுத்திவிட்டு நடுவில் மட்டும் கற்பனையை வைத்தால், அதை எந்தப் பிள்ளை பிரித்துப் பார்க்கும்? பெரியவர்களே பார்ப்பதில்லை. மிஸ்டி அசட்டீக்கில் பிறந்தது என்று நம்பி அந்த ஊருக்கு வண்டி ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நூலகத்துப்பல்லி
நிஜப் பெயர்கள் எப்படி வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹென்றி 1946இல் அந்தத் தீவுக்குப் போனவர், ஒரு வாரக் குட்டியாக மிஸ்டியைப் பார்த்ததும் விலைக்குக் கேட்டார். பீபி தாத்தா முதலில் தர மறுத்தார். பேரப்பிள்ளைகளைக் கதையில் சேர்க்கிறேன் என்று ஹென்றி வாக்குக் கொடுத்த பிறகுதான் இறங்கி வந்தார். விலை 150 டாலர். பால்குடி மறந்ததும் குட்டி இல்லினாயில் வேன் என்ற ஊரில் இருந்த ஹென்றியின் வீட்டுக்குப் போனது. அவர் அதைப் பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டினார். 1957இல் ஈன்று பெருகட்டும் என்று தீவுக்கே திருப்பி அனுப்பினார்.

அதாவது அந்தக் குடும்பத்தின் பெயரை அவர்கள் சம்மதத்தோடு, கொடுத்த வாக்குக்காகச் சேர்த்தார். திருட்டுத்தனம் எதுவும் இல்லை.

கரிசல்காட்டான்
திருட்டு என்று நான் எங்கே சொன்னேன்? பேரப்பிள்ளைகளின் பெயரைக் குதிரைக்கு விலையாகப் பேசியிருக்கிறார்கள் என்று நீங்கள்தான் இப்போது சொல்கிறீர்கள்!

செசப்பீக் செந்தில்
நடுவில் நுழைகிறேன். நான் மேரிலாந்துக்காரன், அந்த நீச்சலை நேரில் பார்த்தவன். புத்தகம் படித்துவிட்டு வருபவர்களுக்கு முதல் அதிர்ச்சி சேறுதான். முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு, கொசு, அதில் விடியும் முன்பே ஆயிரக்கணக்கான பேர் இடம் பிடித்து நிற்பார்கள். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் நீரோட்டம் ஓயும் நேரம் பார்த்துத்தான் குதிரைகளை இறக்குவார்கள். மணிக்கணக்காகக் காத்திருந்தால் நீச்சல் சில நிமிடத்தில் முடிந்துவிடும். தலைகள் மட்டும் வரிசையாக வரும். குட்டிகள் தாயின் விலாவை ஒட்டியே நீந்தும்.

இரண்டாவது அதிர்ச்சி, அவற்றின் வயிறு. எல்லாமே சினையாக இருக்கிறதோ என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். சதுப்பு நிலத்து உப்புப் புல்லைத் தின்பதால் சாதாரணக் குதிரையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், அதனால் அந்த உப்பல்.

கரிசல் அண்ணனின் கேள்வி எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. குட்டி எங்கே பிறந்தது என்பதை விட்டுத்தள்ளுங்கள். தாயிடமிருந்து குட்டியைப் பிரித்து ஏலம் விடுவதை ஹென்றி திருவிழாவாக எழுதினார் இல்லையா, அதைப் பேசுவோம்.

நூலகத்துப்பல்லி
செந்தில், அந்த ஏலம் ஹென்றி கண்டுபிடித்ததில்லை. 1920களில் ஊரில் பெரிய தீ விபத்துகள் நடந்தன. அதற்குப் பிறகு தன்னார்வத் தீயணைப்புப் படை அமைத்து, கருவிகள் வாங்கப் பணம் வேண்டும் என்று 1925இல் குதிரை பிடிப்பதையே திருவிழாவாக நடத்த ஆரம்பித்தார்கள். புத்தகம் வந்தது அதற்கு 22 வருடம் கழித்து. வர்ஜீனியா பக்க மந்தை இன்றைக்கும் அந்தப் படைக்குத்தான் சொந்தம். மேய்கிற இடம் வனவிலங்குச் சரணாலயம் என்பதால் வளர்ந்த குதிரைகள் 150க்கு மேல் போகக்கூடாது என்று அனுமதியிலேயே நிபந்தனை இருக்கிறது. குட்டிகளை விற்காமல் அந்த எண்ணிக்கையில் எப்படி நிற்பார்கள்?

செசப்பீக் செந்தில்
எங்கள் மேரிலாந்து பக்கத்தைப் பாருங்களேன். அதே தீவு, நடுவில் ஒரு வேலி மட்டும்தான். இந்தப் பக்க மந்தை தேசியப் பூங்காவின் பொறுப்பு. இங்கே பிடிப்பது, ஏலம் எதுவும் கிடையாது. 2016 வரை பெண் குதிரைகளுக்குக் கருத்தடை மருந்தை ஊசி அம்பால் செலுத்திக் கட்டுப்படுத்தினார்கள். வழி இருக்கிறது. அது திருவிழாவாகாது, அதை வைத்துக் கதையும் எழுத முடியாது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அங்கே போய் வந்தவன் ஒருதலையாகப் பேசுகிறான் என்பீர்கள். ஏலத்தில் சில குட்டிகளுக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. பணம் கட்டுகிறவர் குட்டிக்குப் பெயர் மட்டும் வைப்பார், குட்டி தீவுக்கே திரும்பிப்போய் மந்தையில் சேர்ந்துகொள்ளும். அது எனக்குப் பிடித்திருந்தது.

கயல் அம்மா
நான் பேசலாமா? என் மகள் நான்காம் வகுப்பு, இந்தப் புத்தகத்தை இப்போதுதான் முடித்தாள். குதிரை எங்கே பிறந்தது என்று அவள் கேட்கவே இல்லை. "மோரீன் ஏன் குதிரை பிடிக்கப் போகவில்லை?" என்றுதான் கேட்டாள். பால் போகிறான், பையன் என்பதால். காசு சேர்த்ததில் அவளுக்கும் சரிபாதிப் பங்கு. கடைசியில் பந்தயத்தில் ஃபான்டம் மேல் யார் ஏறுவது என்பதற்குக் கோழியின் நெஞ்செலும்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள். அதிலும் பால்தான் ஜெயிக்கிறான். என் மகளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. எலும்பு உடைந்ததை எழுதியதே அந்த அம்மாதானே, மோரீன் பக்கம் உடைத்திருக்கலாமே என்கிறாள்.

இதற்கு உங்கள் இரண்டு பேரிடமும் என்ன பதில்?

நூலகத்துப்பல்லி
அக்கா, 1947ஆம் வருடப் புத்தகம் என்பதை மறக்கக் கூடாது. அந்தக் காலத்துத் தீவில் பெண்பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். ஹென்றி இருந்ததை எழுதினார்.

கரிசல்காட்டான்
அடடா! மிஸ்டியைக் காட்டில் பிறக்கவைக்கும்போது கற்பனைக்கு இடம் இருந்தது. மோரீனைக் குதிரை மேல் ஏற்ற வேண்டிய இடத்தில் மட்டும் "இருந்ததை எழுதினார்". பல்லி சார், தராசைக் கொஞ்சம் நேராகப் பிடியுங்கள். கயல் அம்மா, உங்கள் மகள் இங்கே எல்லாரையும்விடச் சரியான கேள்வி கேட்டிருக்கிறாள்.

நூலகத்துப்பல்லி
சரி, அந்த இடத்தில் நானும் ஹென்றிக்காக வாதாடப் போவதில்லை. ஆனால் அவரை அந்த ஒரு புத்தகத்தோடு நிறுத்தாதீர்கள். அவருக்கு நியூபெரி பதக்கம் (சிறுவர் நூலுக்கான அமெரிக்க விருது) வாங்கித் தந்தது 'கிங் ஆஃப் தி விண்ட்', 1949இல். கோடால்பின் அரேபியன் என்ற நிஜக் குதிரையின் கதை, ஓட்டப்பந்தயக் குதிரை வம்சத்தின் மூன்று மூலத் தகப்பன்களில் ஒன்று. 1966இல் 'மஸ்டாங்' எழுதினார். நெவாடாவில் காட்டுக் குதிரைகளை விமானத்தாலும் லாரியாலும் விரட்டிப் பிடித்து இறைச்சிக்கு விற்றதை எதிர்த்துப் போராடிய வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்ணின் கதை அது. செந்தில் கேட்கிற கருணை அதில் நிறையவே இருக்கிறது. அந்தக் குதிரைகளைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1971இல் வந்தது. அதைக் கேட்டுக் கடிதம் எழுதிக் குவித்தவர்களில் பள்ளிப்பிள்ளைகள் ஏராளம்.

கரிசல்காட்டான்
'கிங் ஆஃப் தி விண்ட்' பற்றி நீங்களே ஆரம்பித்தது நல்லதாகப் போயிற்று. அதில் குதிரையோடு கூடவே வரும் வாய்பேசாத மொராக்கோ பையன் அக்பா யார்? ஹென்றியின் கற்பனை. படிப்பவர்கள் அவனையும் சரித்திரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். இது அவருடைய பழக்கம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

தூத்துக்குடி மகிழன்
கப்பல் சமாச்சாரத்தை யாரும் தொடவில்லையே? மிஸ்டி புத்தகம் ஆரம்பிப்பதே ஸ்பானியக் கப்பல் உடைந்து குதிரைகள் நீந்திக் கரையேறுவதில். வெறும் கட்டுக்கதை, 17ஆம் நூற்றாண்டுக் குடியேறிகள் வேலி போடும் செலவுக்கும் வரிக்கும் பயந்து கால்நடைகளைத் தீவில் விட்டுவிட்டார்கள் என்பதுதான் உண்மை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2022இல் ஒரு ஆய்வு வந்தது. ஹைட்டியில் புவெர்ட்டோ ரியால் என்ற பழைய ஸ்பானியக் குடியிருப்பில் கிடைத்த 16ஆம் நூற்றாண்டுக் குதிரைப் பல்லின் மரபணுவைப் படித்தார்கள். இன்று உயிரோடு இருக்கும் குதிரைகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு எது தெரியுமா? ஷிங்கோட்டீக் மட்டக்குதிரை!

கரிசல்காட்டான்
ஸ்பானிய ரத்தம் இருந்தால் கப்பல் உடைந்தது என்று ஆகிவிடாது. குடியேறிகள் கொண்டுவந்த குதிரையிலும் அந்த ரத்தம் இருந்திருக்கலாம். மகிழன், பல் கிடைத்தது ஹைட்டியில், அசட்டீக்கில் இல்லை.

தூத்துக்குடி மகிழன்
நிரூபணம் என்று நான் சொல்லவில்லை அண்ணே. "வெறும் கட்டுக்கதை" என்று கைகழுவ முடியாது என்றேன். அந்த அம்மா எழுதி 75 வருடம் கழித்து அறிவியல் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கிறது, அதை ரசிக்கவாவது விடுங்கள்.

கயல் அம்மா
என் கேள்வி நடைமுறையானது. மகள் அடுத்து 'ஸ்டார்மி' கேட்கிறாள், 1963இல் வந்தது. புயல் வெள்ளத்தில் மிஸ்டியை வீட்டுச் சமையலறைக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள் என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது. இதுவும் கற்பனையா? முன்கூட்டியே தெரிந்தால் கேட்கும்போது முழிக்காமல் இருப்பேன்.

செசப்பீக் செந்தில்
அது நடந்தது அக்கா. 1962 மார்ச் மாதம் சாம்பல் புதன் அன்று அடித்த புயல், இந்தக் கரையில் இன்றும் பெரியவர்கள் பேசுவார்கள். தீவு தண்ணீருக்குள் போனது, மந்தையில் நிறையக் குதிரைகள் செத்தன. நிறைமாதமாக இருந்த மிஸ்டியை உண்மையிலேயே பீபி வீட்டுச் சமையலறையில்தான் விட்டுவைத்தார்கள். புயல் ஓய்ந்த பிறகு பெண்குட்டி பிறந்தது, அதனால்தான் ஸ்டார்மி என்ற பெயர். மந்தையைத் திரும்பச் சேர்க்கப் பணம் திரட்டத் தாயையும் குட்டியையும் ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேட விடாதீர்கள், விட்டால் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு குதிரைகளும் செத்த பிறகு பாடம் செய்து அந்த ஊர் அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் படம்தான் முதலில் வரும்.

கரிசல்காட்டான்
சமையலறை நிஜம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டார்மி பிறந்தது தீவில் இல்லை, மேரிலாந்தில் போகோமோக் என்ற ஊரில், கால்நடை மருத்துவர் பொறுப்பில். எது எங்கே நடந்தது என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துவைத்துப் பிள்ளையிடம் கொடுங்கள்.

நூலகத்துப்பல்லி
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள் அக்கா. முதலில் படிக்கட்டும், அப்புறம் அவளே கேட்பாள்.

கயல் அம்மா
பென்சில் யோசனையை அவளிடமே சொன்னேன். மோரீன் குதிரை ஏறாத பக்கங்களில் தானே குறித்துவைப்பதாகச் சொல்லிவிட்டாள். நூலகத்துப் புத்தகம் என்பதால் ஒட்டுத்தாள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.