ஆர்ட்டிமிசினினை ஈஸ்ட் முழுமையாகத் தயாரிக்கிறதா?

கேள்வி – மருந்தியல் மாணவி:
வணக்கம். மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின், நம் மரிக்கொழுந்தின் உறவுச் செடியான ஆர்ட்டிமிசியா அனுவாவிலிருந்து பிரிக்கப்படுவது என்று படித்திருக்கிறேன். செடியே இல்லாமல் ஈஸ்ட் அதைத் தயாரிக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

மறுமொழி – நுண்ணுயிரியலாளர்:
பாதி உண்மை. ஈஸ்ட் தன் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெராலை உருவாக்கும் வழியில் ஃபார்னெசில் பைரோபாஸ்பேட் என்ற இடைப்பொருளை இயல்பாகவே தயாரிக்கிறது. செடியிலிருந்து எடுத்த மரபணுக்களைச் சேர்த்து, அந்த இடைப்பொருளை, மருந்துக்கு முந்தைய நிலைப் பொருளான ஆர்ட்டிமிசினிக் அமிலமாக மாற்றும் ஈஸ்டை அமெரிக்க விஞ்ஞானி ஜே கீஸ்லிங் குழுவினர் 2006இல் அறிவித்தனர். தொடக்கத்தில் விளைச்சல் சொற்பமே. 2013இல் அது லிட்டருக்கு 25 கிராமை எட்டியது; என் பார்வையில் உண்மையான சாதனை இதுதான், ஏனெனில் மரபணுவை நுழைப்பதைவிட விளைச்சலை உயர்த்துவதே கடினம்.

மறுமொழி – வேதியியல் ஆசிரியர்:
அமிலத்தை மருந்தாக்கும் வேலை ஈஸ்டுக்கு உரியதன்று. முதலில் வேதிமுறையில் ஹைட்ரஜன் சேர்த்து, பிறகு ஒளியின் துணையால் கிளர்வுற்ற ஆக்சிஜனுடன் வினைபுரியச் செய்தால்தான் மருந்தின் உயிர்நாடியான பெராக்சைடு பாலம் (இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் பிணைப்பு) உருவாகும்.

கேள்வி – மருந்தியல் மாணவி:
நன்றி ஐயா. அப்படியானால் ஏன் இன்னும் செடியைப் பயிரிடுகிறார்கள்?

மறுமொழி – நுண்ணுயிரியலாளர்:
காரணம் விலை. சனோஃபி மருந்து நிறுவனம் இத்தாலியின் கரேசியோவில் இம்முறையில் உற்பத்தியைத் தொடங்கிய காலத்தில் செடிவழி ஆர்ட்டிமிசினின் மிக மலிவாகிவிட்டதால், ஈஸ்டை வளர்க்கும் தொட்டியில் விளைந்த சரக்கால் போட்டியிட முடியவில்லை. பின்னர் அந்த ஆலையே கைமாறியது. செடி விளைய மாதக்கணக்காகும், மழை பொய்த்தால் விலை ஏறும் என்பதால், தட்டுப்பாட்டுக் காலத்துக்கான மாற்றுவழியாக இதைக் கருதலாம்.